இருநூற்றுப் பன்னிரண்டாவது ஆள்

அமெரிக்காவில் ஒரு சின்னக் கிராமத்தின் வரலாறு எனக்கு மனப்பாடம். ரயில் பாதை போட வந்தவர்கள் கூடாரம் அடித்துத் தங்கிய இடம்தான் பிறகு ஊரானது. ஒரு மாவு மில் வந்தது, தேவாலயம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. மில் எரிந்துபோனது. ரயில் அங்கே நிற்பதை விட்டது. பிள்ளைகள் இல்லையென்று பள்ளிக்கூடத்தையும் மூடினார்கள். கடைசியில் நெடுஞ்சாலை ஓரம் ஒரு லாட்ஜும், ஊர் எல்லையில் ஒரு பச்சைப் பலகையும் மிஞ்சின. பலகையில் ஊரின் பெயர், அதற்குக் கீழே மக்கள்தொகை 211. பெயரை மட்டும் எழுத மாட்டேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அப்போது காப்பாற்றாத சொல்லை இப்போதாவது காப்பாற்றுகிறேன்.

அந்த லாட்ஜில்தான் என் சித்தப்பா வேலை பார்த்தார். அறைகளைச் சுத்தம் செய்வார், விரிப்பு மாற்றுவார், வருகிறவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுப்பார். சித்தியும் அவர்களுடைய சின்னக் குழந்தையும் இங்கே, மராட்டி பேசும் ஊரான நிக்டியில் எங்களோடு இருந்தார்கள். அப்பாவுக்குப் பக்கத்து ஆகுர்டியில் தொழிற்சாலை வேலை. இரண்டு அறை வீடு, அம்மாவையும் என்னையும் சேர்த்து ஐந்து பேர். சித்தப்பா திரும்பி வந்ததும் பக்கத்திலேயே தனி வீடு எடுப்பதாகச் சித்தி சொல்லிக்கொண்டிருப்பாள். அதற்கென்று குக்கர்கூட வாங்கி, அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் அலமாரி மேல் வைத்திருந்தாள்.

எங்கள் வீட்டில் பெரிய சாமி ரேஷன் கார்டு. நான் ரொம்பச் சின்னவளாக இருக்கும்போதே, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் என்று அலுவலகத்தில் அப்பாவை இரண்டு வருடம் அலைக்கழித்தார்கள். இந்தக் காகிதம் இல்லை, அந்த முத்திரை இல்லை, அடுத்த வாரம் வா. சித்தப்பா, சித்தி பெயர்கள் கார்டில் ஏறிய அன்றைக்கு அப்பா அரைக் கிலோ பேடா வாங்கி வந்து மாடி முழுக்கக் கொடுத்தார். "இனி நம்மள யாரும் இல்லன்னு சொல்ல முடியாது" என்று மராட்டிக்காரப் பக்கத்து வீட்டாரிடம் தமிழிலேயே சொன்னார். அவர்களும் தலையாட்டிவிட்டு இன்னொரு பேடா எடுத்துக்கொண்டார்கள். பட்டியலில் பெயர் ஏறுவதுதான் ஒரு மனிதனுக்கு நடக்கக்கூடிய மிக நல்ல விஷயம் என்று நான் கற்றது அன்றைக்குத்தான்.

ஆறாம் வகுப்பில் பிராஜெக்ட் கொடுத்தார்கள். ஏதாவது ஒரு கிராமத்தின் வரலாறும் மக்கள்தொகையும். மற்றவர்கள் எல்லாரும் அவரவர் தாத்தா ஊரை எழுதினார்கள். நான் அமெரிக்காவை எடுத்தேன். பெருமைதான், வேறென்ன.

ஞாயிற்றுக்கிழமை மாலை வீடியோ கால் வரும். எங்களுக்கு மாலை, அவருக்குக் காலை. அந்த வாரம் சித்தப்பா போனைக் கையில் பிடித்தபடி பலகை வரைக்கும் நடந்து போய்க் காட்டினார். எரிந்த மில்லின் சுவரைக் காட்டினார். லாட்ஜில் ஒரு பழைய புத்தகம் கிடந்ததாம், அதைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னார். அவ்வளவு உற்சாகமாக அவர் பேசி நான் பார்த்ததில்லை. அந்த ஊரில் அவரிடம் வேறு யாரும் எதுவும் கேட்பதில்லை போலிருக்கிறது.

"இந்த 211-ல நீங்களும் உண்டா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"இல்லட்டி. நான் வர்றதுக்கு முந்தியே எழுதுன போர்டு அது."

"அப்போ மாத்தச் சொல்லுங்க."

"பாப்போம், பாப்போம்" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏட்டி, ஊர்ப் பேரை மட்டும் எவர்ட்டயும் சொல்லாத, என்ன? பிராஜெக்ட்லயும் எழுதாத" என்றார்.

சரி என்றேன். ஆனால் எனக்கு ஆறவில்லை. இரண்டு வருடமாக அங்கே இருக்கிற ஆளை எண்ணாமல் விடலாமா? அவருக்காக அலைய அங்கே அப்பா மாதிரி யாரும் இல்லையே. அப்பாவின் போனில் தேடினால் கிராம அலுவலகத்தின் மெயில் முகவரி கிடைத்தது. யாரிடமும் சொல்லாதே என்றார், ஆனால் ஊருக்கே அதன் பெயர் தெரியாதா என்ன? எனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தையெல்லாம் கொட்டி எழுதினேன். உங்கள் மக்கள்தொகையில் ஒரு தவறு இருக்கிறது, லாட்ஜில் வேலை செய்யும் என் சித்தப்பா விடுபட்டுவிட்டார், தயவுசெய்து சேர்த்துக்கொள்ளவும். சித்தப்பாவின் முழுப் பெயரை எழுதினேன். பச்சைப் பலகையில் 212 என்று வரைந்து, பக்கத்தில் அவரை நிற்க வைத்து, அதைப் படமெடுத்து இணைத்தேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. எழுதியது அலுவலகத்தில் இருக்கும் ஒரு வயதான அம்மாள். இத்தனை வருடத்தில் எங்கள் ஊரைப் பற்றிக் கேட்ட முதல் குழந்தை நீதான், இந்த வாரமே நானே போய் உன் சித்தப்பாவைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்று போட்டிருந்தது. நான் வீட்டில் மூச்சுவிடவில்லை. முடிந்ததும் சொல்லி எல்லாரையும் அசத்த வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த வியாழக்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது கால் வந்தது. ஞாயிறு அல்லாத நாளில் சித்தப்பா கூப்பிட்டதே இல்லை. எப்போதும் முதலில் சித்தியைத்தான் கேட்பார். அன்றைக்கு என்னைக் கேட்டார். போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தேன். அவர் தோளில் ஒரு பை இருந்தது.

"பிராஜெக்ட்டுக்கு எத்தன மார்க்குட்டி?"

"முழு மார்க்கு. உங்கள எழுத வந்தாங்களா சித்தப்பா?"

அவர் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"வந்தாங்க. நல்ல அம்மா. எழுதிட்டாங்க" என்றார். "நீ வரைஞ்ச படத்தயும் பாத்தேன். நல்லாருக்கு. இத மட்டும் வீட்டுல யார்ட்டயும் சொல்லாத. சித்திட்ட சொல்லவே சொல்லாத. சொல்ல மாட்டேன்னு சொல்லு."

சொல்ல மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகுதான் சித்தியைக் கூப்பிடச் சொன்னார். வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது, இன்றைக்கே போகிறேன் என்று அவளிடம் சொன்னார். நான் பள்ளிக்கு ஓடினேன். அவர் பெயர் ஏறிவிட்டது, ஆனால் பேடா வாங்கச் சொல்ல முடியாமல் ஆகிவிட்டதே என்பது ஒன்றுதான் எனக்கிருந்த குறை.

அதன் பிறகு வேறு வேறு எண்களிலிருந்து நான்கு தடவை கூப்பிட்டார். முகம் காட்டவில்லை, குரல் மட்டும். பிறகு அதுவும் இல்லை. சித்தி அந்த எண்களுக்கெல்லாம் அடித்துப் பார்த்தாள். தெரியாத ஆட்கள் எடுத்துத் தெரியாத மொழியில் பேசி வைத்தார்கள்.

ஆறு மாதம் கழித்துச் சித்தி என்னிடம் வந்தாள். "நீதான் இங்கிலீசு நல்லா எழுதுவியே. அவுக இருந்த ஊருக்கு ஒரு மெயில் போட்டுக் கேளேன்" என்றாள். அது எத்தனையாவது மெயில் என்று அவளுக்குத் தெரியாது.

அந்த அம்மாளே மறுபடி பதில் எழுதினார்: நான் போனபோது உன் சித்தப்பா எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். நான் எப்படித் தெரிந்து வந்தேன் என்று கேட்டார். அச்செடுத்துக் கொண்டுபோயிருந்த உன் கடிதத்தையும் படத்தையும் காட்டினேன். படத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் மாலை மறுபடி போனேன், ஆள் இல்லை. அப்படி ஒருவர் இங்கே வேலையே செய்யவில்லை என்று லாட்ஜ்காரர் சொல்கிறார். நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா, குழந்தாய்?

சித்தியிடம் கடைசி வரியையும் டீயையும் படத்தையும் விட்டுவிட்டு, "அங்க இல்லையாம்" என்று மட்டும் சொன்னேன். அப்போதும் எனக்குக் கோபமெல்லாம் பொய் சொன்ன லாட்ஜ்காரர் மேல்தான். சித்தப்பா சுற்றுலா விசாவில் போய், அது முடிந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டவர் என்பதை அப்பா வாய்தவறிச் சொன்னபோது எனக்குப் பதினாறு வயது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பரீட்சை பயம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது நான் பக்கத்திலேயே ஔந்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ரேஷன் கடையில், கார்டில் இருக்கிற எல்லாரும் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும், வைக்காதவர் பெயரை வெட்டிவிடுவோம் என்றார்கள். சித்தி ரேகை வைத்துவிட்டு வந்த பெருவிரலைச் சேலையில் துடைத்தபடி, ஆங்கிலத்தில் மெயில் அனுப்பினால் கேட்பார்கள் என்று நம்பி, என்னிடம் வந்து நின்றாள். அந்தக் குக்கர் இன்னும் அலமாரி மேல்தான் இருக்கிறது.

"அவுக வெளியூர்ல இருக்காக, பேரை வெட்டாதீங்கன்னு ஒரு மெயில் எழுதுட்டி. நீ எழுதுனா சேத்துக்கிடுவாங்க" என்றாள்.

அவள் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினேன். முழுப் பெயரை இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்தேன். சித்தி தண்ணீர் கொண்டுவந்து வைத்து, மெதுவாக எழுது என்று தலையைத் தடவினாள். சித்தியிடம் சொல்லவே சொல்லாதே என்று அவர் சத்தியம் வாங்கியது எதற்காக என்று அந்தப் படிக்கட்டில் எனக்குத் தெரியவில்லை. இந்தக் கை என் தலையைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் வாங்கியிருக்கிறார்.