தாய்மாமனுக்கு லீவு இல்லை

எங்கள் வீட்டில் ஒரு நேர்மையான மனிதர் இருக்கிறார். அவரோடு குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. நேர்மையான புருஷன் வாய்த்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள், மூக்கைச் சிந்திக்கொண்டே சொல்வார்கள்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் அவர் ஸ்பின்னிங் பிரிவுக்கு ஷிப்ட் சூப்பர்வைசர். அதே மில்லில் நான் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு பிரிவுக்கும் நடுவில் ஒரு பெரிய சுவர் உண்டு. அந்தச் சுவர் புண்ணியத்தில் எங்களுக்குள் மில் விஷயமாகச் சண்டை வந்ததே இல்லை. அப்புறம் என் தம்பி வேலைக்குச் சேர்ந்தான். சேர்ந்தது சுவருக்கு அந்தப் பக்கம்.

எனக்கு ஒரே தம்பி. அப்பா போன பிறகு பிறந்த வீடு என்று நான் சொல்லிக்கொள்ள அம்மாவையும் அவனையும் விட்டால் ஆளில்லை. அவனை வேலைக்கு எடுத்தது மேனேஜர். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சிபாரிசு பண்ணவில்லை. பண்ணியிருந்தால்தான் அதிசயம். ஆனால் கேன்டீனில் டீ குடிக்கிறவர்களுக்கு இதெல்லாம் கணக்கா? அந்தப் பிரிவில் சேத்தூரிலிருந்து வரும் சீனியர் ஒருவர் இருக்கிறார். கெட்டவர் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது. தம்பி சேர்ந்த அன்றைக்கே அவர் ஆரம்பித்துவிட்டார்.

“இனிமே என்னப்பா, மச்சினனுக்குப் புது மெசினு, நமக்கெல்லாம் கிழவி.”

கிழவி என்பது அங்கே இருப்பதிலேயே பழைய மெஷினுக்கு அவர்கள் வைத்த பெயர். இந்தப் பக்கம் அறுந்த நூலை ஒட்டிவிட்டுத் திரும்பினால் அந்தப் பக்கம் அறுந்திருக்கும். அதில் நிற்கிறவன் தண்ணீர் குடிக்கக்கூட நகர முடியாது.

அந்த ஒரு பேச்சு என் வீட்டுக்காரரை முள்ளாகக் குத்திவிட்டது. மறுநாளே தம்பியைக் கிழவியிடம் ஒப்படைத்துவிட்டார். வார விடுமுறையில் யாருக்கும் வேண்டாத நாள் எதுவோ அது அவனுக்கு. மில்லுக்குள் ‘அத்தான்’ என்று கூப்பிடக் கூடாது, ‘சார்’தான் என்று உத்தரவு வேறு. தம்பி ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொன்னான்.

“அக்கா, நான் வேத்தாளாப் பொறந்திருந்தா இந்நேரம் புது மெசின்ல நின்னுருப்பேன்.”

அதை நான் வீட்டில் போய்க் கேட்டேன். “மில்லு வேற, வீடு வேற” என்று பதில் வந்தது. சரி, மனுஷன் மில்லில் எப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும், வீட்டுக்குள் அதைக் கொண்டுவராமல் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் நான் ஏமாந்தேன்.

மகளுக்கு மூன்று வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் குலதெய்வக் கோயிலில் காது குத்துவதாக நாள் குறித்தோம். ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை, முகூர்த்த நாள். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் குத்தியாக வேண்டும். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார்த்தித்தான் எங்களில் காது குத்துவது. தம்பி தோடு எடுத்து வைத்துவிட்டான். எனக்கு அந்தக் காட்சி ஒன்றுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது: சொந்தக்காரர்கள் கூடியிருக்க, என் பிறந்த வீட்டு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, அவன் மடியில் என் பிள்ளை. மாமியார் வீட்டில் வாழ்கிற பெண்ணுக்கு அது எம்புட்டுப் பெரிய கௌரவம் என்று ஆண்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அன்றைக்குக் காலையில் அம்மா சீர்த்தட்டுகளோடு வந்து இறங்கினாள். கூடவே இரண்டு பெரியம்மாக்கள். தம்பியைக் காணோம்.

“எங்கம்மா அவன்?”

அம்மா என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் பந்தலில் கட்டியிருந்த வாழைமரத்தை ரொம்ப அக்கறையாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். அது நேராகத்தான் இருந்தது.

“ஏங்க, தம்பி எங்க?”

“ஷிப்ட்ல.”

அவரை இழுத்து நிறுத்திக் கேட்டேன். முகூர்த்த நாளில் ஒரு பிரிவுக்கு இரண்டு பேருக்குத்தான் லீவு, அது மில்லின் சட்டம். ஒன்று இவருக்கு. தம்பியோ, நம்ம அக்கா வீட்டு விசேஷம், அத்தானே சூப்பர்வைசர், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று சும்மா இருந்துவிட்டு, இரண்டு நாளுக்கு முன்னால்தான் போய் நின்றிருக்கிறான்.

“அதுக்கு முன்னாடியே இன்னொருத்தர் கேட்டுட்டாரு. மொதல்ல கேட்டவருக்குத்தான குடுக்கணும்? இவன் மாத்து ஆளு பிடிச்சு வந்திருவான்னு நெனச்சேன்.”

“பிடிச்சானான்னு கேட்டீகளா?”

கேட்கவில்லை. தம்பியும் ரோஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாய்த்தது இரண்டும் அப்படி.

“மொதல்ல கேட்ட அந்த மகராசன் யாரு?”

அவர் வாயைத் திறப்பதற்குள் பந்தலுக்குள் சேத்தூர்க்காரர் நுழைந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மனைவி, பிள்ளைகள் சகிதம்.

“வாரோம் தாயி. நம்ம சூப்பர்வைசர் வீட்டு விசேஷத்துக்கு நாம இல்லாமலா? அதான் மொத ஆளாப் போயி லீவு கேட்டுட்டேன். எதுக்குன்னுகூட கேக்கல, கையெழுத்துப் போட்டுட்டாரு. தங்கமான மனுசன்.”

சொல்லிவிட்டு அவர் பந்திக்குப் போய்விட்டார். கேசரி வாசனை வந்துகொண்டிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் இடம் பொருள் தெரியவில்லை. “அப்பன் இல்லாமக் காது குத்தலாம். தாய்மாமன் இல்லாம எப்பிடிக் குத்துவீக? ஒங்க லீவை அவனுக்குக் குடுத்துட்டு நீங்க மில்லுல கெடந்திருக்க வேண்டியதுதான?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்த ஆசாரி, “அம்மா சொல்லுதது நெசந்தான்” என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் தலையாட்டாத என் மாமியார்கூட, “ஆமா, அப்பன் எதுக்கு?” என்றார்.

என் வீட்டுக்காரர் கோபப்படவில்லை. தலையைச் சாய்த்து யோசித்தார். நான் வைததில் நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். பைக் சாவியை எடுத்தார்.

பந்தியிலிருந்து சேத்தூர்க்காரர் விஷயம் தெரிந்து பாதி எழுந்தார். “நான் வேணாப் போகட்டா சார்?” கையில் கேசரி.

“வேண்டாம், உக்காரும். ஒமக்குக் குடுத்த லீவைத் திருப்பி வாங்கப்படாது” என்று சொல்லிவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ராஜபாளையத்தைப் பார்க்கப் போய்விட்டார். சேத்தூர்க்காரர் நிம்மதியாக உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிள்ளை தூக்கத்துக்குச் சிணுங்குகிறது. ஆசாரி வானத்தைப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார். “நேரம் போகுதே, யாராச்சும் ஒருத்தர் மடி குடுங்கப்பா” என்று ஒரு குரல். “என் பிள்ளையை எவனும் தொடக் கூடாது” என்று நான். அம்மா சீர்த்தட்டில் ஒழுங்காக இருந்த வெற்றிலையை எடுத்து எடுத்து மறுபடி அடுக்கினாள்.

ராகு காலத்துக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது எங்கள் பைக் சத்தம் கேட்டது. தம்பி மில் சட்டையோடு ஓடி வந்தான். தலை, புருவம், மீசை எல்லாம் பஞ்சு. யாரோ துண்டை நீட்ட, வாங்காமல் அப்படியே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினான். பிள்ளை மாமனின் மீசையிலிருந்த பஞ்சைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது ஆசாரி ஒரு காதை முடித்துவிட்டார். அடுத்த காதுக்கு அவள் ஊரைக் கூட்டினாள். நானும் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மில்லில் நடந்ததைத் தம்பி சாப்பிடும்போது சொன்னான். பட்டு வேட்டியோடு சூப்பர்வைசர் உள்ளே வந்ததும் எல்லாரும் என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார்களாம். இவர் நேரே கிழவியிடம் போய், தம்பியைப் பார்த்து, “நகருலே. சாவி இந்தா. அக்கா கொன்னுருவா, ஓடு” என்று சொல்லிவிட்டு அறுந்த நூலை ஒட்ட ஆரம்பித்துவிட்டாராம்.

கோயிலிலிருந்து நாங்கள் வீடு திரும்பியிருந்தோம். ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. வேட்டியில் எண்ணெய்க் கறை, விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. மகள் தம்பி மடியிலேயே தூங்கிப்போயிருந்தாள். இவர் குனிந்து ஒரு காதைப் பார்த்தார். சுற்றிப் போய் மறு காதைப் பார்த்தார்.

“ரொம்ப அழுதாளா?”

“ஒரு காதுக்குத்தான்” என்றேன். அவருக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த ஏச்சு ஒன்றும் வாயில் வரவில்லை.

பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். சிவந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு, “அந்த மெசின்ல இவன் எப்பிடித் தெனமும் நிக்கான்?” என்று பொதுவாகக் கேட்டார்.

“பழகிருச்சு சார்” என்றான் தம்பி.

அடுப்படியில் நின்றிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

“வீட்டுல என்னலே சார்? அத்தான்னு கூப்பிடு.”

தம்பி தூங்குகிற பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டான். சிரித்தானா என்று எனக்குத் தெரியவில்லை, மீசையில் இன்னும் பஞ்சு இருந்தது.

“சரிங்க சார்” என்றான்.