கரடியின் வாயும் என் குரலும்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுதினால் எனக்கு எவ்வளவு எரிச்சல் இருந்தது என்று வெளியே தெரிந்துவிடும். ஆனால் என் சிநேகிதன் எப்படியும் எல்லோரிடமும் சொல்லித் திரிவான். அதற்கு நானே சொல்வது மேல்.

அவன் சிறுவர்களுக்காக உலகத்து நாட்டுப்புறக் கதைகளைத் தமிழில் கார்ட்டூன் குறும்படங்களாக வரைகிறான். வோபர்னில் அவன் வீட்டு பேஸ்மென்டில்தான் வேலை. ஒலிப்பதிவு அறை என்று அவன் சொல்வது, குளிர் ஜாக்கெட்டுகள் தொங்கும் அலுமாரியை. நரியின் பேச்சை நம்பிப் உறைந்த ஏரியின் பனித் துளைக்குள் வாலை விட்டு மீன் பிடிக்கப்போய், வாலையே இழக்கும் நோர்வே நாட்டுக் கரடிக்கு அந்த அலுமாரிக்குள் நின்று குரல் கொடுத்தேன். கொலிஜைப் பாதியில் விட்ட நான் ஒழுங்காகச் செய்து முடித்த வேலை அது ஒன்றுதான். படத்தின் கடைசியில் என் பெயர் வரும் என்று அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன்.

மூன்று மாதம் அவன் என் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் கரடியின் வாயை வரைந்தான். பிறகு சொன்னான்: "மச்சான், உன்ரை சும்மா மாதிரிக்கு எடுத்தது. வடிவாக் கதைக்கிற ஒராள் கிடைச்சிருக்கிறார்."

அந்த ஒராள் பிக்கரிங்கில் இருந்து வரும் சென்னை அண்ணை. கணினி வேலை, அயர்ன் பண்ணின சேர்ட், வானொலிக் குரல்.

"உங்க பதிவைக் கேட்டேன் தம்பி, ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க."

"ஓம் அண்ணை, அதாலைதான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறான்."

அவர் சிரித்தார். எனக்கு இன்னும் எரிந்தது. அவர் கரடிக்குப் பேசும்போது பிழை பிடிக்கவே அலுமாரிக்கு வெளியே நின்றேன். கரடி அழும் இடத்தில் ஒரு பிழையும் அகப்படவில்லை. அதையும் அவர் பிழைக் கணக்கில்தான் எழுதி வைத்தேன்.

முடிந்த படத்தைச் சிநேகிதனின் அக்கா பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினோம். அண்ணையும் வந்திருந்தார். நான் படபடவென்று கதைக்கிறவன். அவர் ஆறுதலாகப் பேசுகிறவர். கரடி வாயை மூடிய பிறகும் அவர் குரல் போய்க்கொண்டே இருந்தது.

"மாமா, கரடி வாயை மூடிக்கொண்டு என்னெண்டு கதைக்குது?" என்று சின்னவள் கேட்டாள்.

"வயித்தாலை கதைக்குது பிள்ளை," என்றேன் நான்.

சிநேகிதன் என்னை முறைத்தான். அண்ணை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதல் ஆளாக வெளிக்கிட்டு, பஸ்ஸில் ஏறியதும் சிநேகிதனுக்கு மெசேஜ் போட்டேன்: "அந்த வாய் என்ரை அளவுக்குத் தைச்சதடா. அந்தாளை அனுப்பிப்போட்டு என்ரை குரலைப் போடு. சொல்ல உனக்கு வெக்கமெண்டால் நானே நல்லாத் திட்டி அனுப்புறன்."

பதில் உடனே வந்தது.

"நீ வெளிக்கிட்ட கையோடை அந்த அண்ணைதான் உன்ரை குரலையே போடச் சொன்னவர், இப்ப திட்டு பாப்பம்."