தனி ஆவர்த்தனமும் கோப்பியும்

மெல்பேணில், ஸ்லோவேனியாவின் இன்றைய இசையமைப்பாளர்களின் படைப்புகளை ஒரு பெரிய வாத்தியக் குழு வாசித்த மாலை அது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியவன்போல் கண்களை மூடியிருந்தேன். பக்கத்துக் கதிரையில் திருநீறும் கழுத்துப்பட்டியுமாக ஓர் அங்கிள். கர்நாடகக் கச்சேரிகளில் பழகிய கையால் தொடையில் தாளம் போட்டு, பிடிபடாமல் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். முரசுகள் மட்டும் தனியாக முழங்கியதும், கச்சேரியில் மிருதங்கத் தனிக்கு எழுந்து போகும் வழக்கப்படி நிம்மதியாக எழுந்தார்.

"தனி ஆவர்த்தனம் தொடங்கீட்டுது தம்பி. கோப்பி குடிச்சிட்டு வாறன்."

வரிசையே முறைத்தது. அவர் என்னோடு பேசவில்லை என்பதுபோல் நான் மேடையைப் பார்த்தேன்.

இடைவேளையில் வெளியே வந்தால், அவர் ஒரு வெள்ளைக்காரரோடு கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். நிகழ்ச்சி நிரலில் படம் போட்டிருந்தார்களே, முரசுகள் முழங்கிய அந்தப் படைப்பை எழுதியவர்.

"இவரும் தனிக்குத்தான் வெளியில வந்தவர்," என்றார் அங்கிள்.