முத்துவின் கையில் விழுந்த படையல்

அம்மனை நம்பி வாழும் சொந்தங்களே, என் மகள் முத்துவுக்கு ஏழு வயதில் பொழுது சாய்ந்தால் கண் தெரியாமல் போனது. தாராவியில் எங்கள் சந்து நெடுகத் திறந்த சாக்கடை. விளக்கு வைக்கும் நேரத்தில் மற்றப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பாள். சாக்கடையிலும் விழுந்து எழுந்தாள். பிள்ளைகள் "குருட்டுக் கோழி" என்று கூப்பிட்டார்கள். அப்புறம் அவள் பேச்சே குறைந்துவிட்டது.

அறுபதுகளின் நடுவில், ரேஷன் அரிசி சுருங்கிப்போன காலம். வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடும் கொட்டகையில் வேலை. கூலி வாடகைக்கும் அரிசிக்குமே இழுபறி. காலையில் பால் இல்லாத சாயா. பகலில் கஞ்சி. ராத்திரிக்கு அதன் மிச்சம். இலவச ஆஸ்பத்திரி டாக்டர், "சத்துக் குறைவு. ஈரல், கீரை, முட்டை குடும்மா" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. இருந்தால் கொடுக்கமாட்டேனா?

சந்தில் எல்லோரும் அம்மன் குற்றம் என்றார்கள். கோயிலில் விழுந்து, கண் திரும்பும்வரை தாயும் மகளும் கவிச்சி தொடமாட்டோம் என்று நேர்ந்துகொண்டேன். வாங்க வழியில்லாததைத்தான் பெரிதாக விட்டுக்கொடுத்தேன்! ஆனால் எதிர்வீட்டுக் கதீஜா அக்கா அவ்வப்போது ஒரு கிண்ணம் மீன் குழம்பு அனுப்புவார். விரதமென்று அதையும் திருப்பி அனுப்பினேன். கிண்ணம் போகிற வழியையே முத்து பார்த்துக்கொண்டிருப்பாள். மாதங்கள் போயின, பார்வை இன்னும் மங்கியது. அழுது அழுது எனக்கே அலுத்துவிட்டது. "தாயே, என்னால் ஆகவில்லை, இனி நீயே பார்த்துக்கொள்" என்று விட்டுவிட்டேன்.

சித்திரையில் கோயில் கொடைத் திருவிழா. மதியம் காவல் சாமிக்குக் கிடா வெட்டி, ஈரலைச் சுட்டுப் படைத்தார்கள். எங்கள் ஊர்ப்பக்க வழக்கம் அது. அருள் வந்து ஆடிய சாமியாடி, கூட்டத்தில் நின்ற முத்துவை இழுத்து நிறுத்தி, படையலில் இருந்த ஈரலை எடுத்து அவள் கையில் வைத்தார். நான் பதறிப்போனேன்.

"சாமி, பிள்ள வெரதம். கவிச்சி தொடக்கூடாது."

"எனக்குப் படைச்சத நான் குடுக்கேன். வேண்டாங்கதுக்கு நீ யாருட்டி?"

நான் வாய் திறப்பதற்குள் முத்து தின்று முடித்து, விரலை நக்கிக்கொண்டிருந்தாள். சாமியே முறித்த விரதத்தை நான் எப்படிப் பிடித்துவைப்பது? எங்கள் பங்குக் கறியோடு மிச்ச ஈரலையும் கேட்டு வாங்கிக் குழம்பு வைத்தேன்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள், பொழுது மங்குகிற நேரம். முத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, ஒன் மூஞ்சி தெரியுது. ஏன் இப்பிடி மெலிஞ்சுபோய்ட்ட?"

அவளைக் கட்டிக்கொண்டு கதறினேன். அம்மன் என் பிரார்த்தனையைக் கேட்டுவிட்டாள்.

கையில் காசு அதற்குப் பிறகும் இல்லை. கேட்பதற்கு வெட்கப்படுவதை விட்டேன். கறிக்கடையில் ஒதுக்கும் ஈரல் துண்டு, யார் வீட்டு முருங்கைக் கீரையோ, கதீஜா அக்காவின் குழம்பு, எல்லாவற்றையும் கும்பிட்டு வாங்கினேன். முத்து வளர்ந்து பிள்ளை பெற்றுவிட்டாள். கண் நன்றாகத் தெரிந்தும், இன்றும் இருட்டினால் சுவரைத் தடவித்தான் நடக்கிறாள். அந்தப் பயம் மட்டும் போகவில்லை.

சொந்தங்களே, என்ன கஷ்டமானாலும் அம்மனிடம் சொல்லுங்கள், கேட்பாள். நேர்ந்துகொள்ளுங்கள், மொட்டை போடுங்கள், தீ மிதியுங்கள். பிள்ளையின் வயிற்றை மட்டும் நேர்ந்துவிடாதீர்கள். அதை அவள் நம்மிடம் கேட்கவே இல்லை.