அச்சுக்கடையில் கணினி மாற்றிய வாரம்

எங்கள் அழைப்பிதழ் கடை மலேசியாவின் ஈப்போவில் இருக்கிறது. கல்யாணம், காது குத்து, கருமக்கிரியை எதுவானாலும் அட்டையை வடிவமைப்பது நான். அச்சடித்து வெட்டிக் கட்டுவது என் கணவர். பழைய விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. எங்கள் இரண்டு கணினிகளும் புதியதை ஏற்காது. வைரஸ் புகுந்தால் இத்தனை வருஷத்து வேலையும் போச்சு.

“விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடலாம்லா, சும்மாதானே கிடைக்குது” என்றார் அவர். “எல்லாத்தையும் கிளவுட்ல ஏத்திட்டா, கம்ப்யூட்டர் செத்தாலும் கவலை இல்ல.”

“மழையில இன்டர்நெட் லைன் போச்சுன்னா? கஸ்டமர நிக்க வெச்சிட்டு வானத்தப் பாக்கச் சொல்றீங்களா?”

பேசிப் பேசி, ஒரு கணினியில் மட்டும் லினக்ஸ் போட்டுப் பார்த்தோம். பழைய அட்டைகள் திறந்தன. ஆனால் எங்கள் தமிழ் எழுத்துரு, எல்லாக் கணினியும் படிக்கும் யூனிகோடுக்கு முந்தையது. சில எழுத்துகள் வெறும் கட்டங்களாக நின்றன. ஒவ்வொன்றாகத் திருத்தி, இரண்டு கல்யாண அட்டைகளை அச்சுக்கும் அனுப்பிவிட்டேன்.

அந்த வாரமே கோலா கங்சாரிலிருந்து ஒரு பெண் வந்தார். அவருடைய அம்மா தவறிவிட்டார். முன்பு அப்பாவின் கருமக்கிரியைக்கு நாங்கள் அடித்த அட்டை மாதிரியே வேண்டும் என்றார். லினக்ஸில் பழைய கோப்பைத் திறந்து, பெயரை மாற்றி, மாதிரி ஒன்று எடுத்துக் கொடுத்தேன். விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார்.

“அக்கா, எங்கம்மா பேர்ல புள்ளி இல்லையே. வேற யார் பேரோ மாதிரி இருக்கு.”

கட்டமாக வந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். இது புள்ளியை மட்டும் விழுங்கிவிட்டு, சரியான எழுத்து போலவே உட்கார்ந்திருந்தது.

“மன்னிச்சிருங்கமா” என்றேன். இன்னொரு கணினியில் புதிதாகத் தட்டி, அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லிவிட்டு அச்சுக்குக் கொடுத்தேன்.

அவர் போனதும் கணவரைக் கூப்பிட்டேன். லினக்ஸில் திருத்திய அந்தக் கல்யாண அட்டைகள்? பெட்டிகளில் கட்டித் தயாராக இருந்தன. மறுநாள் எடுக்க வருகிறார்கள். கட்டைப் பிரித்தோம். நான் படிக்க, கல்யாண வீட்டார் எழுதிக்கொடுத்ததோடு கணவர் ஒத்துப் பார்த்தார். முதலாவது சரி. இரண்டாவதில் மாப்பிள்ளையின் பெரியப்பா பெயரில் அதே கோளாறு. கணவர் மெஷினை ஓட விட்டார். ஆள் வருவதற்குள் மறுபடி அடித்து, மை காயவிட்டு, கட்டி முடித்தோம்.

இப்போது லினக்ஸ் கணக்குவழக்குக்கும் மின்னஞ்சலுக்கும் மட்டும். பழைய விண்டோஸ் கணினியின் இணைய வயரைக் கழற்றிவிட்டோம். அட்டைகளின் நகல் கிளவுட்டில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று. புது அட்டைகளை யூனிகோடில்தான் அடிக்கிறேன்.

“இனிமே என்னா பயம்லா?” என்கிறார் அவர். எனக்கு இருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் பெயர்களை எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படிக்கிறேன். கடையில் ஆள் இருந்தாலும் வெட்கப்படுவதில்லை.