ஐந்தாவது இலை

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. ரங்கூன் பபேடான் பகுதியில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் தேவராஜிடம் நேரில் போய்க் கேட்டாலும் இதையேதான் சொல்வார். அந்த இலை இருந்த இடத்தையும் காட்டுவார். அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

போன ஆடி அமாவாசை. வியாழக்கிழமை. நல்ல பட்டப்பகல். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று எந்த மடையன் சொன்னானோ!

தேவராஜுக்கு அறுபத்தாறு வயது. துறைமுகத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சாமி ஒருவர்தான், தாத்தா அப்பாசாமி. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் சயாம் ரயில் பாதைக் கூலி முகாமில் காயத்துக்குக் கட்டுப்போடும் வேலை பார்த்தவர். அங்கே நிஷிவாகி என்று ஒரு ஜப்பான் டாக்டர். ஊசி போட்டுக் கூலிகளைக் காப்பாற்றியவர், கடைசியில் அவரும் காலராவில் போய்விட்டார், என் கையாலேயே புதைத்தேன் என்று தாத்தா சொல்லிச் சொல்லி அழுவாராம்.

அதனால் அந்த வீட்டில் அமாவாசைப் படையலுக்கு ஒரு இலை கூடுதல். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா என்று நான்கு. ஐந்தாவது டாக்டருக்கு. எண்பது வருஷமாக விடாத வழக்கம். அதிலும் ஒரு அதிசயம், ஐந்தாவது இலையில் மட்டும் ஒவ்வொரு வருஷமும் சோறு கொஞ்சம் குறைந்திருக்கும். "நல்ல மனுஷன், மறக்காம வர்றாரு" என்று குடும்பமே பூரித்துப்போகும்.

இந்த முறை தேவராஜுக்கு இன்னொரு சந்தோஷம். ரயில் பாதையில் செத்த கூலிகளுக்குக் கோயிலில் ஒரு கல் வைக்கப் பத்து வருஷம் அலைந்து, ஒருவழியாக அனுமதி வாங்கியிருந்தார். கல்லின் தலைப்பில் இரண்டே பெயர்கள், டாக்டரும் தாத்தாவும். கல் செதுக்குகிறவர் இரண்டு மணிக்கு வந்து பெயர்ப் பட்டியலை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. டாக்டர் இறந்த தேதி மட்டும் பாக்கி. தன் நண்பர் ஆபித்தின் மகள், வெளிநாட்டில் சரித்திரம் படிக்கும் மெஹ்ரீனிடம் பழைய அரசாங்கக் காகிதங்களில் பார்க்கச் சொல்லியிருந்தார்.

12.40. படைத்து முடித்தாயிற்று. பட்டியலைத் தாத்தா படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். முன்னோர் வந்து சாப்பிட வேண்டுமே, அதனால் கதவைச் சாத்திவிட்டு அவரும் மனைவி மஞ்சுளாவும் வெளியே உட்கார்ந்தார்கள். பத்து நிமிஷம் கழித்து, மூன்று முறை தட்டிவிட்டுத் திறக்க வேண்டும்.

12.43. கரண்ட் போயிற்று. ரங்கூனில் இது செய்தியா? ஃபேன் நின்றது. தெருச் சத்தமும் நின்றது. அதுதான் செய்தி.

12.45. உள்ளே... சரக்... சரக்...

இலையை விரல் வழிக்கிற சத்தம்.

"எலியா இருக்கும்ங்க," என்றாள் மஞ்சுளா.

"எலி சப்புக்கொட்டுமா?"

12.47. சத்தம் நின்றது. பிறகு ஒரு குரல். தொண்டை வறண்ட, இளவயசுக் குரல்.

"அண்ணே... சோறு..."

தேவராஜ் ஒற்றைப் பிள்ளை. அந்த வீட்டில் யாரையும் அண்ணே என்று கூப்பிட ஆளில்லை.

12.50. தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று.

திறந்தார்.

யாருமில்லை.

நான்கு இலைகள் வைத்தது வைத்தபடி.

ஐந்தாவது... துடைத்தாற்போல் காலி.

காலி மட்டுமா? மடித்திருந்தது.

சாப்பிட்டு எழுந்தால் இலையை மடிப்பது நம் ஆட்கள் பழக்கம். ஜப்பான்காரனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

பட்டியலில் தலைப்புப் பெயர்கள் இரண்டின் மேலும் ஈரச்சோறு அப்பியிருந்தது.

1.35. கரண்ட் வந்தது. கூடவே போன் அடித்தது. மெஹ்ரீன்.

"மாமா, தனியாவா இருக்கீங்க? அந்த டாக்டர் காலராவுல சாகல மாமா."

"என்னம்மா சொல்ற?"

"அவன் போட்டது மருந்தில்ல. நோய். யார் எத்தனை நாள்ல சாகுறாங்கன்னு எழுதிவெச்சுப் பாத்திருக்கான். சண்டை முடிஞ்சதும் ஜெயிச்சவங்க அவனைத் தூக்குல போடல. அந்த நோட்டுக்கு ஆசைப்பட்டு ரகசியமா கூட்டிட்டுப் போயிட்டாங்க. வேற பேரு, வீடு, ஆராய்ச்சி வேலை. எண்பத்தொம்பதுலதான் படுக்கையில செத்தான்."

"எங்க தாத்தா புதைச்சாரேம்மா..."

மெஹ்ரீன் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"புதைச்சேன்னு அவங்ககிட்ட கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கார் மாமா. அவனை யாரும் தேடக் கூடாதுன்னு. அதுக்குப் பதிலாத்தான் அவருக்கு ஆஸ்பத்திரி வேலையும், நீங்க இருக்கிற வீடும்."

தேவராஜ் தாத்தா படத்தின் பக்கம் திரும்பினார். பாவி! எண்பது வருஷம் எங்களை யாருக்குக் கும்பிடு போட வைத்தாய்?

"ஊசி போட்ட முப்பத்தொரு பேரு பட்டியல் இருக்கு மாமா. கடைசிப் பேரு... சின்னத்தம்பி. வயசு பத்தொம்பது. அப்பாசாமியோட தம்பின்னு போட்டிருக்கு."

சின்னத்தம்பித் தாத்தா கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார், அங்கே பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்கிறார் என்றுதான் குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்லியிருந்தது. உயிரோடு இருப்பவருக்கு யாராவது படைப்பார்களா? ஒரு அமாவாசைக்குக்கூட அவருக்கு இலை போட்டதில்லை.

நாற்பது வருஷத்துக்கு மேலாக, உயிரோடு இருந்த ஒருத்தனுக்கு இலை போட்டிருக்கிறார்கள். செத்த தம்பிக்கு இல்லை. அப்படியானால் இத்தனை காலமும் அந்த இலைக்கு வந்தது...

இரண்டு மணிக்குக் கல் செதுக்குகிறவர் வந்தார். தேவராஜ் பட்டியலின் தலைப்பில் இருந்த இரண்டு பெயர்களையும் அடித்தார். முதல் வரியில் சின்னத்தம்பி என்று எழுதிக்கொடுத்தார்.

பிறகு தாத்தா படத்துக்கு முன்னாலிருந்த இலையை அப்படியே தூக்கி ஐந்தாவது இடத்தில் வைத்தார். "சாப்பிடுங்க சின்னத் தாத்தா," என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார். இந்த முறை கதவைச் சாத்தவில்லை.