அறுபது வார் தூரம்

ஈரத்தோலைப் பலகையில் விரித்து ஆணி அடிக்கும்போது ஒரு சத்தம் வரும். மரத்தில் அடிக்கிற சத்தமும் இல்லை, சதையில் அடிக்கிற சத்தமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் தொப்பென்று ஒன்று. ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த தெருவுக்குப் பின்னால்தான் தோல் பதனிடும் கிடங்கு இருந்தது. விடிந்ததிலிருந்து அந்தச் சத்தமும் ஆவாரம்பட்டை ஊறுகிற நெடியும்தான் எங்களுக்கு. என் ஒன்பதாவது வயதில் சில நாட்கள், அந்தச் சத்தத்தைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிடுவேன். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், இப்போது எனக்கு ஆட்சேபணை இல்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம், முப்பதுகளின் தொடக்கம். அம்மா அப்போது வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மார்ச்சளி முற்றிக் காசமாகிவிட்டது என்று பெரியவர்கள் என் காதில் விழாதபடி பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார்கள். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், கிடங்கில் வேலை பார்த்த என் நைனா மட்டும் ஞாயிறுதோறும் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அம்மா எப்போது வருவாள் என்று கேட்டால், "வருவா வருவா, நீ சாப்டு" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

பக்கத்து வீட்டு ஜமீலா என் "தோஸ்த்". அவளுடைய அண்ணன் அன்வர் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். லீவில் வந்தால், பேப்பரில் வருகிற அதிசயங்களை எங்கள் இருவருக்கும் படித்துக் காட்டி வாயைப் பிளக்க வைப்பதில் அவருக்கு ஒரு குஷி. ஒருநாள் அப்படித்தான், வானத்தில் உள்ள நட்சத்திரக் கூட்டங்களெல்லாம் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போய்க்கொண்டே இருக்கின்றன, தள்ளி இருக்க இருக்க வேகமும் அதிகமாகிறது, அமெரிக்காவில் பெரிய தூரநோக்கி வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றார்.

"யாரு தொரத்துறாங்க?" என்றாள் ஜமீலா.

அன்வர் கிடங்கின் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு தோலை இழுத்து இழுத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். "அந்தத் தோலு மேல ரெண்டு முத்திரை இருக்குதுல்ல? முத்திரையா நடந்து போவுது? தோல்தான் விரியுது. நடுவுல தூரம் ஜாஸ்தியாவுது. ஆகாசமும் அப்டித்தான். இன்னிக்கி இருக்கிற தூரத்தையெல்லாம் ஒரே எண்ணால பெருக்கிப் போடு, நாளைக்கி இருக்கப்போற தூரம் வந்துடும்."

"அப்ப வேலூரு?" என்று கேட்டேன்.

"வேலூரும்தான்! இன்னம் கொஞ்ச நாள் போனா ரயிலே போய்ச் சேராது!" என்று கடகடவென்று சிரித்தார். அம்மா அங்கே இருப்பது அந்த நேரம் அவருக்கு ஞாபகமில்லை போலும்.

யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற பெண் இல்லை நான்; அளந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த பச்சைத்தோலின் ஓரத்தைக் கிடங்கில் நறுக்கி எறிவார்கள். அதில் நீளமான ஒரு வாரைப் பொறுக்கிவந்து, எங்கள் வாசலிலிருந்து, வேலூர் ரயில் கடந்து போகிற கேட் வரைக்கும் தரையில் போட்டுப் போட்டு அளந்தேன். சரியாக அறுபது வார். வாரைக் கூரையில் செருகி வைத்துவிட்டு மறுநாள் மத்தியானம் அளந்தேன். அறுபத்து மூன்று. எண்ணிக்கை தப்பியிருக்கும் என்று திரும்பவும் அளந்தேன். அதே அறுபத்து மூன்று. அதற்கடுத்த நாள் அறுபத்தாறு.

ஐயோ, அந்தப் பயத்தை என்னவென்று சொல்வேன்! கூப்பிடு தூரத்தில் இருக்கிற கேட்டே இரண்டு நாளில் ஆறு வார் தள்ளிப் போய்விட்டதென்றால், அவ்வளவு தூரத்தில் இருக்கிற வேலூர் எவ்வளவு போயிருக்கும்? சோறு இறங்கவில்லை. நைனாவிடம் சொல்லவும் பயம். அவரும் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து ரயில் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. "இஞ்சின்ல ஏதோ கோளாறும்மா" என்றார் நைனா. அவர் முகம் வெளுத்திருந்தது. இவருக்கும் தெரிந்துவிட்டது, என்னிடம் மறைக்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் தாங்கமுடியாமல் ஜமீலாவை இழுத்துப்போய் அளந்து காட்டினேன். அவள் வாரை வாங்கி வளைத்துப் பார்த்தாள். அது குச்சியாக விறைத்துக் கிடந்தது. "அடி பைத்தியமே! பச்சத்தோலு காஞ்சா சுருங்காதா? உங்க நைனா செய்ற வேலை இன்னா, நீ செய்ற வேலை இன்னா! சும்மா பேஜார் பண்றியே!" என்று தலையிலடித்துக்கொண்டாள். வாரைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து நீட்டி, மறுபடி அளந்தோம். அறுபது. தோல் கிடங்கில் வேலை பார்ப்பவர் மகள் நான், சுருங்கிய வாரை விட்டுவிட்டு உலகத்தின்மேல் பழிபோட்டிருக்கிறேன்! வெட்கமாக இருந்தாலும், அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

அன்று சாயங்காலமே நைனா சொன்னார்: "புதன்கெழமை அம்மாவ இட்டுக்குனு வர்றேன். ஆஸ்பத்திரில போதும்னு சொல்ட்டாங்க." நான் வீடு அதிரக் குதித்தேன். குதிக்காதே என்று அவர் சொல்லவில்லை. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்னும்போதும் ஆஸ்பத்திரியில் போதும் என்றுதான் சொல்வார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

பிற்பாடு பெரிய படிப்பெல்லாம் படித்து, ஒன்றையொன்று ஈர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிற பொருள்கள் அப்படி விரிவதில்லை, வீடும் ஊரும் பூமியும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டேன். எங்கள் தெருவே இன்று இல்லை. அந்த இடத்தில் ஒரு ஷூ கம்பெனி நிற்கிறது. அன்வரும் ஜமீலாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அம்மா வீட்டுக்கு வந்து பதினோரு நாள் இருந்தாள். கூடத்துக் கட்டிலிலிருந்து, "இங்க வந்து ஒக்காரேன்டி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். எனக்குத்தான் பயம் விட்டுப் போய்விட்டதே! இனி அவள் எங்கேயும் போகமாட்டாள் என்கிற தைரியத்தில், "இதோ வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு, அந்தப் பதினோரு நாளையும் ஜமீலாவோடு தெருவில் விளையாடியே தீர்த்தேன்.